'கரண்ட்' வைப்பதற்கு முன் வரும் பயம்: கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்

எங்கள் அப்பா அரசுப் பேருந்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் கோவில்பட்டி - மதுரை தடம். வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் உண்டு. இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. தையல் பிரித்த அன்று டாக்டர், "புண் ஆறட்டும். ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து ஆறு வாரத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிச்சிடணும். மொத்தம் முப்பது நாள்" என்றார்.

ஆபரேஷன் நாளும் கஷ்டம்தான். பிறகு வாய்ப்புண்ணோடு ஓடிய முப்பது நாட்களும் கஷ்டம்தான். ஆனால் நடுவில் காத்திருந்த வாரங்கள் அவரை உருக்கியது போல வேறு எதுவும் உருக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒன்றும் நடக்காத காலம். அலைச்சல் இல்லை, ஊசி இல்லை. அப்பா மட்டும் இரவு ஒரு மணிக்கு எழுந்து போய் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்குத் துணையாகக் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போயிருக்கிறேன். அத்தைக்கு மார்பகம், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய், மில்லில் என்னோடு வேலை பார்ப்பவரின் அண்ணனுக்குத் தொண்டை. இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் யாருக்காவது ரேடியேஷன் என்றால் எனக்குப் போன் வருகிறது. போனில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். மருந்து, மாத்திரை எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். நான் சொல்வது காத்திருக்கும் நாட்களில் மனசை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைப் பற்றி மட்டும்.

"தைரியமா இருங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள்

நாங்கள் எல்லோரும் அப்பாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு அதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். "தைரியமா இருங்கண்ணே, ஒண்ணும் ஆகாது." அப்பாவும் தலையாட்டுவார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் கோழை என்று ஆகிவிடும், அதனால் ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல எண்ணத்தில் சொல்லும் அந்த ஒரு வார்த்தை பேச்சையே மூடிவிடுகிறது என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றி, "அப்பா, இதுல எதை நெனச்சா ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "ஏ தாயி, கரண்டு எத்தன வோல்ட் வைப்பாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்ப் பக்கம் ரேடியேஷனை 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வோம். ஆஸ்பத்திரி ஆயாவும் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அது மின்சாரம்தான். பல வருடம் முன்னால் ஒரு மழை நாளில், அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஒருவர் துடித்ததை அவர் பஸ் படியில் நின்று பார்த்திருக்கிறார். கன்னத்தில் அந்த மாதிரி முப்பது நாள் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. துணைக்குப் போன மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, மனநலப் பிரிவில் கொடுக்கும் ஷாக் சிகிச்சைதான் இது என்று நினைத்திருந்தார்.

அதனால் முதல் வேலை, பயத்தின் பெயரைக் கேட்பது. 'பயமா இருக்கா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'எது பயமா இருக்கு' என்று கேளுங்கள். முகத்தை நேராகப் பார்த்துக் கேட்க வேண்டாம். காய் நறுக்கிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ கேட்டால் பதில் வரும். பதில் வந்ததும் உடனே சமாதானம் சொல்லிவிடாதீர்கள். "வேற?" என்று மட்டும் கேளுங்கள். அப்பாவிடம் அன்று நான்கு தடவை 'வேற' கேட்டேன். வோல்ட், அப்புறம் மூச்சு அடைக்குமா, அப்புறம் பேத்தியைத் தூக்கலாமா, கடைசியாக, செலவு. எல்லாம் சேர்ந்து ஒரே மலையாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் மூன்றுக்கு ஆஸ்பத்திரியிலேயே நேரான பதில் இருந்தது.

அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி, அடுத்த முறை போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் மறந்துவிடும். தாள் மறக்காது.

உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது

இதை முதல் நாளுக்கு முன்பே நோயாளிக்குத் தெரிய வைத்துவிட்டால் பாதிப் பயம் இறங்கிவிடும். அப்பாவுக்கு விளக்கியது அங்கிருந்த ஒரு டெக்னாலஜிஸ்ட் தம்பிதான். "அய்யா, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா? வலிச்சுதா? அதே கதிர்தான். சக்தி ஜாஸ்தி, அவ்வளவுதான்." ரான்ட்ஜன் 1895-ல் கண்டுபிடித்த அந்த எக்ஸ்ரேயின் வலுவான வடிவம்தான் இது. உடம்பில் கம்பி எதுவும் ஒட்டுவதில்லை. கதிர் படும்போது சூடு தெரியாது, வலி தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. லீனாக் என்று சொல்லும் அந்தப் பெரிய இயந்திரம் படுத்திருப்பவரைச் சுற்றி வரும், ஆனால் தொடாது. உர்ரென்று ஒரு சத்தம் வரும், நிற்கும், மறுபடி வரும். அறைக்குள் போய் வெளியே வர பத்து, பதினைந்து நிமிடம். அதில் பெரும் பகுதி சரியாகப் படுக்க வைப்பதற்கே போய்விடும். கதிர் ஓடுவது சில நிமிடங்கள்தான்.

கதிர் ஓடும்போது எல்லோரும் வெளியே போய் கனமான கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த இடத்தில்தான் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. "எல்லாரும் ஓடுறாங்களே, அப்ப எனக்கு என்ன ஆகும்?" என்று தோன்றும். பணியாளர்கள் தினமும் பல பேருக்கு, வருடக்கணக்கில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள், அதனால்தான் வெளியே நிற்கிறார்கள். கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக்கில் பேசுவார்கள், உள்ளே பேசுவதும் வெளியே கேட்கும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிந்தால் அந்தத் திரையை நோயாளியின் கண்ணில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், காட்டினார்கள். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் காலி அறையையும் பார்க்க விட்டார்கள். எல்லா இடத்திலும் முடியாமல் போகலாம், ஆனால் கேட்பதில் தப்பே இல்லை.

பேத்தியைத் தூக்கலாமா என்ற கேள்விக்கு: தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், இயந்திரத்தை நிறுத்தியதும் போய்விடும். உடம்பில் எதுவும் தங்காது. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். அத்தை வீட்டில் அவருடைய டம்ளரைத் தனியாக வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் பேசாமல் இருந்தார். நோய் பற்றிய பயத்தை விட அந்த டம்ளர்தான் அவரை அதிகம் அழவைத்தது. (தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடிப்பது வேறு விஷயம், அதற்கு ஆஸ்பத்திரியில் தனி விதிகள் சொல்வார்கள், அதன்படி நடக்க வேண்டும்.)

பக்கவிளைவு பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். எந்த இடத்தில் கதிர் படுகிறதோ அந்த இடத்தில்தான் பெரும்பாலும் வரும். வாய், கழுத்து என்றால் வாய்ப்புண், உமிழ்நீர் வற்றுவது, ருசி போவது, தோல் கறுப்பது. சாதாரணமாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தொடங்கும். கன்னத்தில் கொடுத்தால் தலைமுடி மொத்தமாகக் கொட்டாது. அந்த இடத்துத் தாடி, மீசை உதிரலாம். உடம்பு அசதி பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சம் உண்டு. 'ஒண்ணுமே ஆகாது' என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் வாய் புண்ணானால், அதற்கப்புறம் நீங்கள் சொல்வது எதையும் அவர் நம்ப மாட்டார்.

மாஸ்க் போடும் நாள்

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் கொடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாஸ்க் கிடையாது. தோலில் மையாலோ பச்சை குத்திய சின்னப் புள்ளியாலோ அடையாளம் போடுவார்கள், அவ்வளவுதான். மையால் போட்டது என்றால் அவர்கள் சொல்லும்வரை தேய்த்துக் கழுவக் கூடாது.

மாஸ்க் என்பது ஓட்டை ஓட்டையாக வலை மாதிரி இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் அப்பளம் நனைந்த மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். அந்தச் சூட்டோடு, தோல் தாங்கும் அளவு ஆறியதும், முகத்தின் மேல் இழுத்து வைத்து, மூக்கு, தாடை ஓரமெல்லாம் விரலால் அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகி அந்த முகத்துக்கே அச்சு எடுத்த மாதிரி ஆகிவிடும். ஓரத்தைப் படுக்கும் பலகையோடு கிளிப் போட்டு மாட்டுவார்கள். தலை சில மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட கதிர் வேறு இடத்தில் பட்டுவிடும் என்பதற்காக இது. அதே மாஸ்க்கோடு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் படத்தை வைத்து டாக்டரும் இயற்பியல் நிபுணரும் கணக்குப் போட்டு முடிக்கப் பல நாட்கள் ஆகும். அந்த நாட்களில் போன் வரவில்லையே, நம்மை மறந்துவிட்டார்களா என்று மனசு அடித்துக்கொள்ளும். 'இப்ப கணக்கு போட்டுக்கிட்டு இருக்காங்க' என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா பஸ் படியில் காற்று வாங்கியபடியே வாழ்ந்த மனிதர். வீட்டில் கூட ஜன்னல் சாத்தினால் தூங்க மாட்டார். முதல் முறை மாஸ்க் இறுகியதும் இரண்டு காலையும் உதைத்தார். உடனே எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போடக் கை நடுங்கியது. "வேண்டாம் தாயி. இருக்கிற நாள் இருந்துட்டுப் போறேன்."

அந்த டெக்னாலஜிஸ்ட் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை. "அய்யா, நீங்க கண்டக்டர்தான? பஸ்ஸ நிறுத்தணும்னா என்ன செய்வீங்க?"

"விசில் அடிப்பேன்."

"உள்ள படுத்திருக்கும்போது உங்க வலது கைய லேசா தூக்குங்க. அதான் உங்க விசில். நான் கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பேன். தூக்கின அடுத்த நொடி மெஷின் நிக்கும், நான் உள்ள வந்து கழட்டிடுவேன். அப்புறம் மறுபடி விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சுக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது."

அப்பா அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். மாஸ்க்கை வெறுமனே வைத்தார்கள், கிளிப் போடவில்லை. கையைத் தூக்கினார். எடுத்தார்கள். இரண்டாவது முறை இரண்டு கிளிப் மட்டும். கையைத் தூக்கினார். எடுத்தார்கள். மூன்றாவது முறை கை தூக்கவே இல்லை. நிறுத்தும் அதிகாரம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்த வேண்டிய தேவை குறைந்துவிட்டது. நீங்களும் இதைக் கேட்டு வாங்குங்கள். சைகை என்ன என்று முதலிலேயே பேசி, ஒருமுறை செய்தும் பார்த்துவிட வேண்டும். சில இடங்களில் கையில் மணியோ அழுத்தும் பந்தோ கொடுப்பார்கள்.

வீட்டில் செய்த பயிற்சியையும் சொல்கிறேன். தலையணை இல்லாமல் தரையில் பாய் மட்டும் விரித்து மல்லாந்து படுக்கச் சொன்னேன், ஏனென்றால் அந்தப் பலகை கட்டாந்தரை மாதிரி இருக்கும். ஈரத் துண்டை நெற்றி, கண் மேல் போட்டோம். மூக்கையும் வாயையும் மூடக் கூடாது. மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். முதல் நாள் ஒரு நிமிடம். பிறகு மூன்று. ஒரு வாரத்தில் பதினைந்து நிமிடம் படுத்திருந்தார். இழுப்பதை விட விடும் மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு இறங்குவதை நாமே உணரலாம். சந்தேகம் இருந்தால் இப்போதே ஒரு தடவை செய்து பாருங்கள்.

மனசுக்கும் ஒரு வேலை வேண்டுமே. சும்மா படுத்திருந்தால் அது மாஸ்க்கையேதான் நினைக்கும். அப்பா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் விசில் அடித்து வண்டியை எடுப்பார். மனசுக்குள் ஒவ்வொரு ஸ்டேஜாகப் போவார். எங்கே யார் ஏறுவார்கள், எங்கே சில்லறைக்குச் சண்டை வரும், எங்கே கூடைக்கார அம்மா இறங்குவார் என்று வரிசையாக. சாத்தூர், ஆர்.ஆர்.நகர், விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம். முதல் நாள் சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "ஆர்.ஆர்.நகர் கூட தாண்டல தாயி, அதுக்குள்ள கழட்டிட்டாங்க."

உங்கள் வீட்டு ஆளுக்குப் பஸ் தடம் தெரியாமல் இருக்கலாம். மனப்பாடமாகத் தெரிந்த வேறு ஏதாவது இருக்கும். கந்த சஷ்டி கவசமோ, ஜெபமாலையோ, ஓதும் சூராவோ, சாம்பார் வைக்கும் பக்குவமோ. அத்தை கோலம் போட்டார், புள்ளி வைத்து. எந்த வேலை என்று முன்னாடியே முடிவு செய்துகொண்டு உள்ளே போவது முக்கியம். பயம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இன்னும் சில. தாடியை முன்பே மழித்துவிடுங்கள், மாஸ்க் சரியாக உட்காரும். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மூச்சுப் பயம் அதனால்தான் பாதி. கண் இருக்கும் இடத்தில் மாஸ்க்கை வெட்டித் தர முடியுமா, பாட்டுப் போடுவார்களா என்று கேளுங்கள். சிலருக்கு இத்தனையும் செய்தும் முடியாது. அவர்களுக்கு டாக்டர், சிகிச்சைக்குக் கொஞ்ச நேரம் முன்னால் போடும்படி லேசான மாத்திரை எழுதித் தருவார். அது தோல்வி இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கியது என்று எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

மறைக்க வேண்டாம்

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பெரியப்பா சொன்னார் என்று நாங்கள் அப்பாவிடம் 'கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். நம் ஊரில் இது பழைய பழக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த இடம். ஆனால் எங்கள் பக்கத்தில் நோயின் பெயரைச் சொல்லாமல் 'அடையாறுக்குப் போயிருக்கார்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அப்பாவும் அப்படிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்தான்.

மதுரையில் கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் பெரிய எழுத்தில் போர்டு இருந்தது. நான் அவரை மறைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார். "போர்டு பாத்து ஏறுங்கன்னு முப்பது வருசம் ஊருக்கே சொன்னவன் நான். எனக்கு அந்தப் போர்டு படிக்கத் தெரியாதா?" அவருக்கு ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்காக அவர் தெரியாத மாதிரி இருந்தார், அவருக்காக நாங்கள். ஒரே வீட்டில் ஐந்து பேர் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. "டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்கு எவ்வளவு தெரியணும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் டாக்டரையோ ஆஸ்பத்திரியில் மன ஆறுதலுக்குப் பேசும் கவுன்சிலரையோ அவர் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பேசுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவர் என்னவெல்லாம் கற்பனை செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஒரு எண் கேளுங்கள்

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பது நம் எல்லோருக்கும் கைவந்த பதில். இதற்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்காகவே உழைத்த ஜிம்மி ஹாலண்ட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1990-களில் கொண்டுவந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம், கீழே 0, மேலே 10. கடந்த ஒரு வாரத்தில், இன்றையும் சேர்த்து, மனவேதனை எத்தனை என்று நோயாளியே குறிக்க வேண்டும். 4-ம் அதற்கு மேலும் என்றால் விடாமல் விசாரிக்க வேண்டும் என்று கணக்கு. மனநோய், டிப்ரெஷன் என்று சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால்தான் அவர்கள் 'வேதனை' என்ற பொதுவான சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

நான் காலண்டர் தாளின் பின்னால் ஒரு கோடு போட்டு எண் எழுதிக் கொடுத்தேன். அப்பா எட்டில் புள்ளி வைத்தார். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, பென்சிலால் எட்டு வைத்தார். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினேன். 'அப்பா சரியா தூங்கறதில்ல' என்று இரண்டு தடவை சொன்னபோது நகர்ந்துபோன பேச்சு, அந்த எட்டைக் கண்டதும் நின்றது. அன்றே கவுன்சிலரிடம் அனுப்பினார்.

எண்ணைக் கேட்டபின், எதனால் அந்த எண் என்றும் கேளுங்கள். பணம் என்றால் கவுன்சிலிங் உதவாது, ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசையைப் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, கதிர்வீச்சும் அதில் வரும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, அதற்கு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் வேண்டும். வலியால் என்றால் வலி மருந்தைக் கேட்க வேண்டும். வலியோடு இருக்கும் மனிதருக்கு எந்த ஆறுதலும் உள்ளே இறங்காது. வெட்கம் என்றால் அதையும் பேசலாம். அத்தைக்கு நோயை விடப் பெரிய பாரம், ஆண்கள் முன்னால் ரவிக்கையைக் கழற்ற வேண்டுமே என்பதுதான். பெண் பணியாளர் இருக்க முடியுமா என்று கேட்டோம், மேலே போட ஒரு துணியும் கேட்டோம். இரண்டும் கிடைத்தது. கேட்காமலே இருந்திருந்தால் அவர் சிகிச்சையையே தட்டிக் கழித்திருப்பார்.

புகையிலை, குடி பழக்கம் உள்ளவர்களுக்கு

பழக்கத்தை விட்ட நாட்களில் வரும் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் நோய் பயம் மாதிரியே இருக்கும். அப்பாவுக்கு இரண்டும் கலந்து இருந்தது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள். குடிப்பவர் விஷயம் இன்னும் கவனம். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, உளறல் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. மில் நண்பரின் அண்ணன் எவ்வளவு குடித்தார் என்பதை வீட்டார் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். டாக்டரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள், மருந்தோடு நிறுத்த வைப்பார்கள்.

'நானே வரவழச்சுக்கிட்டேன்' என்று இவர்கள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று வீட்டில் யாரும் எதிரொலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் நான் அம்மாவோடு சண்டையே போட்டேன்.

இந்த அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

'யாருக்கும் பாரமா இருக்க விரும்பல' என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருவது. மோதிரம், கடிகாரம், பத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுப்பது. வாய் வலி இல்லாமலே சாப்பாட்டை ஒதுக்குவது. பல இரவுகளாகத் தூக்கமே இல்லாதது. அல்லது தேதி கொடுத்தபிறகும் 'வரமாட்டேன்' என்று படுத்துக்கொள்வது. இப்படி இருந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரை எல்லாவற்றையும் அன்றே வெளியேற்றுங்கள். கிராமத்து வீடுகளில் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இரவிலும் பேசலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது.

முதல் நாளும் அந்த வாரமும்

முதல் நாள் மற்ற நாட்களை விட அதிக நேரம் ஆகும். படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். நேரமாவதைப் பார்த்து, 'எனக்கு மட்டும் ஏதோ கோளாறு' என்று நினைத்துவிடக் கூடாது, முன்பே சொல்லி வையுங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லாத வரை சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அடிவயிற்றுக்குக் கதிர் என்றால் தண்ணீர் குடித்து மூத்திரப்பை நிறைந்திருக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா எங்கே கசிந்துவிடுமோ என்றே நடுங்கினார், மாற்றுத் துணி ஒன்று பையில் இருந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. காத்திருக்கும் பெஞ்சில், இருபது இருபத்தைந்து நாள் முடித்த ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்லும் ஐந்து நிமிடப் பேச்சு நாம் சொல்லும் ஐந்து வாரப் பேச்சுக்குச் சமம். பயமாக இருக்கிறது என்று ஒருநாள் கூட விட்டுவிடாதீர்கள், இடையில் நாள் விட்டால் சிகிச்சையின் பலன் குறையும். போய், பயமாக இருக்கிறது என்று அங்கேயே சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே படபடப்பு இறங்கிவிடுகிறது. முதல் வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணைக் கேளுங்கள். அப்பா அன்று மூன்று என்றார். எண் இறங்கவே இல்லை என்றால் திங்கட்கிழமை கவுன்சிலரிடம் மறுபடி போங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கவுன்சிலர் அம்மா அப்பாவின் தாளை வாங்கிக்கொண்டு, அதே பென்சிலை என் பக்கம் நீட்டினார். "உங்களுக்கு எத்தனம்மா?" யாரும் என்னை அதுவரை கேட்டதில்லை. பழங்காநத்தத்தில் சித்தி வீட்டு மாடியில் தங்கி, மில்லுக்குச் சம்பளமில்லா லீவு போட்டு, இரவில் அப்பா எழும் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டே படுத்திருந்தவள் நான். ஏழு என்று வைத்தேன். அவர் என் தம்பியின் நம்பரை வாங்கி என் முன்னாலேயே போன் போட்டார். அடுத்த வாரம் அவன் வந்தான். நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, திருமங்கலம் வருவதற்குள் தூங்கிப் போனேன்.